குளியலறையைத் தவளைகளுக்குக் கொடுத்த விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு தவளைகள் இரண்டும் நலம். நாங்களும் இருக்கிறோம்.

உங்கள் மனைவி, அதாவது நான் பெற்று வளர்த்து வனவிலங்கு டாக்டருக்குப் படிக்கவைத்த என் மகள், ஆராய்ச்சி நிலையத்தில் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி, அழிந்துகொண்டிருக்கும் இனத்தில் ஒரு ஜோடித் தவளையை எங்கள் குளியலறையில் குடிவைத்துவிட்டு, மிச்சம் மீதி இருப்பவற்றைத் தேடி மலைக்குப் போனது தாங்கள் அறிந்ததே. தோலில் பூஞ்சை நோயாம். அதற்காக நான் குளிக்கக் கூடாதாம். தினமும் துண்டும் கையுமாக மாடிவீட்டுக்காரர் வாசலில் நிற்கிறேன். அவர் இப்போதெல்லாம் என் தலையைக் கண்டாலே தாழ்ப்பாள் போடுகிறார். ஆனால் தவளைகளை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவது அடியேன்தான். ஒன்றைத் தொட்ட கையுறையோடு இன்னொன்றைத் தொடக் கூடாது. உள்ளே போகும்போதும் வரும்போதும் கிருமிநாசினித் தட்டில் செருப்பை முக்க வேண்டும். அதில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கியதைச் சாயங்காலம் வீடியோ காலில் மகளிடம் காட்டினேன். “அப்பா, கொஞ்சம் நகருங்க, தவளை தெரியல” என்றாள். பெண் தவளை சோர்வாக இருக்கிறதா என்று வேறு கேட்கிறாள். என் சோர்வைக் கேட்க நாதியில்லை. உங்கள் மாமியாரும் கட்சி மாறிவிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால், “நோயாளிங்க இருக்கற வீட்டுல சத்தம் போடாதீங்க” என்கிறார்.

ஆகவே தாங்கள் தயவுபண்ணி நிலையத்தாரிடம் பேசி, இந்தத் தம்பதியை உடனே அழைத்துப்போகச் சொல்லவும். தவறினால், பாதுகாக்க வேண்டிய இனங்களில் என்னையும் சேர்க்க வேண்டிவரும்.

நோய்நொடி இல்லாமல், சொந்தக் குளியலறையோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஊரார் வீட்டில் குளிக்கும் தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலையத்து வண்டி வந்துவிட்டது. கூரையைச் சரிசெய்துவிட்டார்களாம், கடைசிப் பரிசோதனையில் தவளைகளுக்கும் நோய் குணமாகிவிட்டதாம். டிரைவர் பெட்டியோடு நின்றார். உங்கள் மாமியார் என் முகத்தையே பார்த்தார். பெண் தவளை சரியாகச் சாப்பிடவில்லை, இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது புழுவைத் தின்றுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மகளிடம் மூச்சுவிட வேண்டாம். வேலைக்குப் போன இத்தனை வருடத்தில் அவள் தினமும் வீட்டுக்குப் போன் பண்ணுவது இந்தத் தவளைகள் வந்த பிறகுதான், மாப்பிள்ளை.