குழாய்ச்சாமி

"அந்த நாத்தம் போற வரைக்கும் என் பேரன் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டான்," என்றாள் புனிதா.

"ரெண்டு மாசப் பிள்ள எங்கருந்து மிதிக்கப் போவுது?" என்றார் ஜெயபாலன். அவர் அப்போது கொல்லையில் முழங்கால் போட்டு, மண்மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி பஸ் ஓட்டும் ஜெயபாலன், சுங்காய்ப் பக்கம் மூடிப்போன ரப்பர் எஸ்டேட்டில் இன்ஜின் வீடு இருந்த நிலத்தை வாங்கி வீடு கட்டியவர். மழை பெய்தால் போதும், கொல்லையில் டீசல் வாடை குடலைப் புரட்டும். எஸ்டேட்டின் பழைய எண்ணெய் டேங்க் மண்ணுக்குள் கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இந்தக் குழாய் அதன் மூச்சுக்குழாய் என்பது மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த வாடைக்குப் பயந்துதான் மகள் ஷர்மிளா கோலாலம்பூரில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். பேரனைப் போனில்தான் பார்த்திருக்கிறார் மனுஷன். கையில் வாங்கித் தூக்க நெஞ்சு கிடந்து துடித்தது.

ஈப்போவில் பழைய டேங்குகளை எடுக்கும் தனேஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"எண்ணெ நிறைய இருந்தாகூடப் பரவால்லண்ணே," என்றான் தனேஸ்வரன். "தீர்ந்துபோயி உள்ள ஆவி நிக்கும் பாருங்க, அதான் எமன். தோண்டாதீங்க, வெட்டாதீங்க, பக்கத்துல ஒரு பொறிகூட விழக் கூடாது. பாகான் செராய்ல வேல முடிஞ்சதும் வாரேன்."

பொறி விழக் கூடாதாம். பக்கத்து வீட்டுச் சீனி தினமும் சாயங்காலம் அந்த மேட்டில் உட்கார்ந்துதான் சிகரெட் பிடிப்பான். வேலி கிடையாது, வெட்கமும் கிடையாது.

ஜெயபாலன் ஒரு பலகையில் சிவப்புச் சாயத்தால் ஆபத்து என்று தமிழிலும் மலாயிலும் எழுதி நட்டார். மறுநாள் சீனியின் ஈரச் சட்டை அதன்மேல் காய்ந்தது.

"போர்டு நல்லா இருக்குலா, மச்சான். ஒரு ஆணியும் அடிச்சுக் குடு, ஹெல்மெட் மாட்டிக்கலாம்."

நம்மாள் எதற்குத்தான் பயப்படுவான்? பஸ் ஓட்டும்போதெல்லாம் ஜெயபாலன் இதையே யோசித்தார். சாலையோர மரமொன்றில் மஞ்சள் துணியைக் கண்டதும் முன்னால் போன லோரி ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயிற்று. விடை கிடைத்துவிட்டது.

அன்றே குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துணி கட்டி, காலடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். சாயங்காலம் சீனி தூரத்திலேயே செருப்பைக் கழற்றினான். சிகரெட் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"எப்போலேர்ந்து மச்சான்?"

"கனவுல வந்து சொல்லுச்சு," என்றார் ஜெயபாலன்.

ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். காலையில் போய்ப் பார்த்தால் குழாயடியில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அலறியடித்து ஓடி, வெறுங்காலால் மிதித்து அணைத்தார்.

"முனிக்கு வச்ச சுருட்ட மிதிக்கிறியே!" சீனி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இது வேற முனி. நெருப்பே ஆவாது இதுக்கு. குளிர்ச்சிதான் வேணும்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குளிர்ச்சி என்றதும் சனம் பால் கொண்டுவந்தது, இளநீர் கொண்டுவந்தது, எல்லாவற்றையும் குழாய்க்குள்ளேயே ஊற்றியது. சுங்காய் வெயிலில் பால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

"அப்பா, மொதல்ல டீசல் நாத்தம்னீங்க. இப்ப அம்மா புளிச்ச பால்ங்கிறாங்க. வீட்ல என்னதான் நடக்குது?" என்று போனில் கேட்டாள் ஷர்மிளா.

நடந்தது இதுதான். சாமியைக் கும்பிட்டுச் சீனி எடுத்த நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது. அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, ஆளுயர ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். ஜெயபாலன் வாளித் தண்ணீரோடு பாய்ந்து அதன் தலையில் ஊற்றினார். அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து, அடுத்து வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாளியோடு வந்தார்கள். சீனி இடுப்பில் மஞ்சள் வேட்டி கட்டிப் பூசாரியாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தனேஸ்வரன் சொன்னான். சாமியைத் தோண்டவிட மாட்டோம் என்று சனம் சொன்னது. ஜெயபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டேய், சாமியும் இல்ல பூதமும் இல்ல. நான்தான்டா மஞ்சத் துணி கட்டுனேன்."

சீனி பக்தியோடு கைகூப்பினான். "உன்னக் கட்ட வச்சது யாரு, மச்சான்?"

கடைசியில் ஒரு சமாதானம் பிறந்தது. சாமி குழாயை விட்டு ஒரு கல்லுக்கு இடம் மாறும். கல் கொல்லையின் அந்தக் கோடி மூலைக்குப் போகும். மூலையைச் சீனிதான் காட்டினான்.

"பாரு, ஒரு புல்லு மொளைக்கல. சாமியே சுத்தம் பண்ணி வச்ச எடம்."

"அங்க போயி கற்பூரமோ சுருட்டோ என்ன வேணாலும் கொளுத்திக்குங்க," என்றார் ஜெயபாலன். மனசு லேசாகிவிட்டது.

அதைவிடப் பெரிய அதிசயம் புனிதா. வீட்டிலேயே சக்தியுள்ள சாமி இருக்கும்போது பேரனைக் கொண்டுவந்து காட்டாமல் இருப்பதா? நாற்றமாவது ஒன்றாவது! மூலைச் சாமிக்கு முதல் கற்பூரம் பேரன் கையால்தான் என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா வந்து இறங்கினாள். ஜெயபாலன் பேரனைக் கையில் வாங்கினார். அவன் தாத்தாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இதற்குத்தானே இத்தனை பாடும் என்று அவருக்குக் கண் கலங்கியது. அதற்குள் புனிதா பிள்ளையைப் பிடுங்கி மகளிடம் கொடுத்து, மூலைக்குக் கூட்டிப்போனாள். சீனி அங்கே தட்டில் கற்பூரத்தைக் குவித்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கம் தனேஸ்வரன் மேட்டை மெதுவாக விலக்கி, டேங்கின் மூடியைத் திறந்தான். ஆவி பார்க்கும் கருவியை உள்ளே இறக்கினான். அது வாயே திறக்கவில்லை. ஜெயபாலன் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன தம்பி இருக்கு?"

"தண்ணி. மேல கொஞ்சம் தயிர்." தனேஸ்வரன் தலையைச் சொறிந்தான். "இன்ஜின் சூடாவாம இருக்கத் தண்ணி வச்ச டேங்க் இது. எண்ணெ டேங்கே இல்லண்ணே."

"அப்ப டீசல் வாடை?"

தனேஸ்வரன் கருவியைத் தரையோடு பிடித்தபடி கொல்லையில் நடந்தான். என்னதான் என்று பார்க்க ஜெயபாலனும் பின்னாலேயே போனார். பாதி தூரத்தில் கருவி கீச்சென்றது. இன்னும் கொஞ்சம் போனதும் விடாமல் கத்த ஆரம்பித்தது. தனேஸ்வரன் நின்று, மூலையை நிமிர்ந்து பார்த்தான். அங்கே புனிதா தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றான் தனேஸ்வரன் மிக மெதுவாக, "அக்கா கையில இருக்கிற தீப்பெட்டிய நைசா வாங்கிட்டு எல்லாரையும் இங்குட்டு கூட்டிட்டு வாங்க, எண்ணெ டேங்க் அந்தச் சாமிக்கு நேர் கீழ இருக்கு."