பாலிஷ் முடியாம எவாரிஸ்தோ வரமாட்டான்

எவாரிஸ்தோ பட்டறைக் கதவைத் திறந்தப்போ, அவன் பொண்டாட்டி அங்குஸ்தியாஸ் கிட்டாரோட முதுகுல பாலிஷ் போட்டுட்டு இருந்தா.

சாதாரணக் கிட்டார் இல்ல. ஜனவரியில கச்சேரி மேடை ஏறப்போறது. எட்டு மாசமா ஈட்டி மரத்தை இழைச்சு, சூட்டுக் குழாய்ல வளைச்சு, வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டினது. அதை வேற யாரும் தொடக்கூடாதுன்னு நேத்து மத்தியானச் சாப்பாட்டுல ஒரு பிரசங்கமே பண்ணியிருந்தான்.

சரி, ஓடிப்போய்த் தடுக்கலாம்னா முடியாது. அரக்கு பாலிஷ்ல அதுதான் கொடுமை. பழைய கம்பளியைப் பருத்தித் துணியில பொதிஞ்சு முடிச்சுப் போட்டு, அதை அரக்குல தொட்டுத் தேய்க்கணும். பார்க்க மொட்டைத் தலை மாதிரி இருக்கும், அதனால அவங்க ஊர் கிரனாடாவுல அதுக்குப் பேரே பொம்மை. பொம்மை ஓடிட்டே இருக்கணும். ஒரு நொடி நின்னா பலகையோட ஒட்டிக்கும். பிச்சு எடுத்தா அதுவரைக்கும் போட்ட பாலிஷும் கூடவே வந்துடும். அதனால பிடுங்க முடியாது. கையைப் பிடிக்க முடியாது. பக்கத்துல நின்னு தும்மக்கூட முடியாது.

நின்ன இடத்துலயே நின்னு மெதுவாக் கேட்டான்.

"என்ன பண்ற அங்குஸ்தியாஸ்?"

"பாலிஷ்."

"நிறுத்து."

"நிறுத்தினா ஒட்டிக்குமே."

வட்டம் வட்டமாப் போய்ட்டு இருந்த பொம்மை இப்போ எட்டு எட்டாப் போக ஆரம்பிச்சுது. ஒரு கோடு இல்ல, ஒரு திட்டு இல்ல. எவாரிஸ்தோவுக்கு டிசம்பர் மாசம் மொத்தமும் கண்ணு முன்னாடி கரைஞ்சு போச்சு.

எல்லாத்துக்கும் காரணம் வெங்காயம்.

வருஷா வருஷம் டிசம்பர்ல ஆல்புஹாரா மலைமேல அவன் மாமியார் ப்ராக்ஸெதெஸ் வீட்டுல பன்றி அறுப்பு நடக்கும். ஆறு நாள். மச்சான்மாருங்க பன்றியைப் பிடிப்பாங்க, கசாப்புக்காரர் அறுப்பார். குடல்ல அடைக்கிற ரத்த சாசேஜுக்கு எழுபது கிலோ வெங்காயம் வேணும், அதை நறுக்கறது மட்டும் எவாரிஸ்தோ. கிட்டார் செய்யிற கை, பொடிசா நறுக்கும்னு கல்யாணமான அடுத்த வாரமே மாமியார் முடிவு பண்ணிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு அவன் தொட்டதெல்லாம் மணக்கும். ஒரு தடவை மாலாகாவுலேர்ந்து வந்த ஒரு வாத்தியார் கிட்டாரோட வாய்க்குள்ள மூக்கை விட்டுட்டு, சைப்ரஸ் மரம்னா இப்படித்தான் வாசனை வருமான்னு மரியாதையாக் கேட்டார்.

இந்த வருஷம் போறதில்லைன்னு முடிவு பண்ணான். வாழ்க்கையில அவன் எடுத்த மூணாவது பெரிய முடிவு. முதல் ரெண்டும் அங்குஸ்தியாஸ் எடுத்தது.

வழி சொன்னது எதிர்ப்பட்டறை காசியானோ. அவனும் கிட்டார்தான் செய்யிறான். பல்வலின்னு சாக்குச் சொன்னா பொண்டாட்டி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவாளாம், காய்ச்சல்னா போர்வையோட பஸ்ல ஏத்துவாளாம். "பாலிஷ்னு சொல்லுடா. எந்தப் பொண்டாட்டியும் பாலிஷை எதிர்த்துப் பேச முடியாது"ன்னான்.

எவாரிஸ்தோ அக்டோபர்ல முடிய வேண்டிய வேலையை டிசம்பர் வரைக்கும் இழுத்தான். கழுத்தை மூணு தடவை செதுக்கினான். நல்லா இருந்த முன்பலகையை ஒரு வாரம் தட்டித் தட்டிக் கேட்டுட்டே உட்கார்ந்திருந்தான். பாலிஷ் ஆரம்பிச்ச மூணாம் நாள் சாப்பாட்டு மேஜையில அறிவிச்சுட்டான். தினம் ஒரு பூச்சு, நடுவுல விட முடியாது. ரெண்டு பேர் மூச்சு விட்டாலே தூசி பறக்கும். என் கையைத் தவிர வேற கை பட்டா கிட்டார் ஊமையாயிடும்.

அங்குஸ்தியாஸ் சண்டை போடல. எந்தக் கைன்னாலுமான்னு மட்டும் கேட்டா. எந்தக் கைன்னாலும்னான். அவ ஒரு துண்டு ரொட்டி எடுத்து, தட்டுல இருந்த குழம்பைச் சுத்திச் சுத்தித் துடைச்சு, கடைசியில ஒரு எட்டுப் போட்டு வாயில போட்டுக்கிட்டா. அவன் அதைப் பார்த்தான். அழகா இருக்கேன்னு நினைச்சான்.

இப்போ பட்டறையில பொம்மை நீளவாட்டுல இழைய ஆரம்பிச்சுது. அன்னிக்குப் பூச்சுல அது கடைசிக் கட்டம்.

"எங்க கத்துக்கிட்ட?"

"காசியானோ பொண்டாட்டிகிட்ட."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"காசியானோ கிட்டாருக்கெல்லாம் இருபது வருஷமா யாரு பாலிஷ் போடறதுன்னு நினைச்ச?"

எவாரிஸ்தோ ஜன்னல் வழியா எதிர்ப்பட்டறையைப் பார்த்தான். காசியானோ இவனைப் பார்த்தான். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டான்.

"பழகறதுக்கு மரம்?"

"நம்ம வீட்டு நாற்காலியெல்லாம் எப்போலேர்ந்து மின்னுதுன்னு நீ கவனிக்கவே இல்லையா மனுஷா?"

கவனிச்சிருந்தான். நல்ல மெழுகு வாங்கியிருக்கான்னு நினைச்சிருந்தான். ரெண்டு தடவை வழுக்கிக்கூட விழுந்திருந்தான்.

அவ பொம்மையைப் பலகையோட ஓரம் தாண்டி, காத்துல வழுக்க விட்டு எடுத்தா. விமானம் ஏறற மாதிரி. அவன் விளக்கை எடுத்துட்டு வந்து, சாய்ச்சுப் பிடிச்சு, மூக்கு படற தூரத்துல ஒவ்வொரு விரற்கடையாத் தேடினான். கால் மணி நேரம். கடைசியில கழுத்தடியில ஒரு சின்ன அலை தெரிஞ்சுது. குழந்தை பொறந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"இதோ பாரு. இதுக்குத்தான் சொன்னேன்."

"அது நீ நேத்துப் போட்டது," அப்படின்னா. "விடு, நாளைக்கு நான் சரி பண்ணிடறேன்."

கடைசி முயற்சியா, உனக்குத் துணைக்கு நான் இருக்கேனேன்னு இழுத்தான். ரெண்டு பேர் மூச்சு விட்டா தூசி பறக்கும்னு அவ ஞாபகப்படுத்தினா. அம்மா வீட்டுக்கு ஒருத்தராவது போகலைன்னா நல்லா இருக்காதுன்னு சொன்னா. பை வாசல்ல இருந்துச்சு. மூணரை மணி பஸ்ஸுக்கு டிக்கெட் பை மேல இருந்துச்சு.

மலைப்பாதையில பஸ் வளைய வளைய, எவாரிஸ்தோ மனசைத் தேத்திக்கிட்டான். இது ஒரு விபத்து. திட்டத்துல தப்பே இல்ல. ஒரே ஒரு ஓட்டை, அவளுக்குப் பாலிஷ் தெரியும். அடுத்த வருஷம் அவளுக்குத் தெரியாத வேலையா ஒண்ணு கண்டுபிடிச்சாப் போதும்.

பஸ் நிறுத்தத்துலயே மாமியார் நின்னுட்டு இருந்தாங்க. எண்பது வயசு, நிமிர்ந்த முதுகு.

"வா மாப்ளே. தனியாத்தானே வந்த?"

"ஆமா அத்தை. திடீர்னு பாலிஷ் வேலை..."

"என்ன திடீர்னு? டிசம்பர்ல தனக்குப் பாலிஷ் வேலை இருக்கு, நீ மட்டும்தான் வருவேன்னு மார்ச் மாசமே போன் பண்ணிச் சொல்லிட்டாளே. அந்தக் கச்சேரிக்காரர் அக்டோபருக்கே கிட்டார் வேணும்னாராம். அவதான் பேசி ஜனவரிக்குத் தள்ளி வெச்சாளாம். இந்தக் குளிர்ல ஓடைத் தண்ணியில குடல் கழுவி அவளுக்கு விரல் மரத்துப் போகுது, பாவம். இந்த வருஷத்துலேர்ந்து அதையும் நீயே பார்த்துக்க."

சொல்லிட்டு, கையில மடிச்சு வெச்சிருந்த புது ஏப்ரனை உதறிக் காட்டினாங்க. கனமான துணி. நெஞ்சுல சிவப்பு நூல்ல எவாரிஸ்தோன்னு பூவேலை. மாட்டிப் பார்த்தான். தோள், இடுப்பு, நீளம், எல்லாம் அளந்து வெட்டின மாதிரி.

"எப்படி அத்தை இவ்வளவு சரியா...?"

"அளவுக்கு உன் நீலச் சட்டையை ஏப்ரல்லயே அனுப்பிட்டாளே."

அந்தச் சட்டை கொடியில காஞ்சப்போ காத்துல பறந்து போச்சுன்னு அவன் எட்டு மாசமா நம்பிட்டு இருந்தான். உங்க வீட்டுல சமீபத்துல சட்டை ஏதாவது பறந்து போச்சா?