ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

வந்த வாடிக்கையாளரை விரட்டியே சாப்பாட்டுக் கடை நடத்திய மனிதர் கோலசிலாங்கூரில் ஒருவர்தான்: குராங் பாய். அவரிடம் திட்டு வாங்கிய நாங்கள் எல்லாரும் இன்னும் இருக்கிறோம். அவர்தான் இல்லை.

குராங் என்றால் மலாய் மொழியில் குறைவு. சீனியா? குராங். நெய்யா? குராங். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் அடையாளக் கார்டுக்கும் மட்டுமே தெரியும்.

தொடக்கத்தில் அவரும் நல்லவராகத்தான் இருந்தார். ரொட்டி சானாயில் நெய் சொட்டும். தேயில், அதாவது டீயில், சீனி கரையாமல் அடியில் கிடக்கும். ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பிரஷர், கொழுப்பு ரெண்டும் ஏறிக் கிடக்கு. நெய், சிகரெட்டை விடுங்க, நடங்க, மாத்திரையை ஒருநாளும் விடாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பாய் அதைக் கொண்டுவந்து ஊருக்கே சட்டமாக்கிவிட்டார்.

"பாய், ஒரு ஆட்டுக்கறி."

"மீன் இருக்கு."

"ஆடு அங்க கொதிக்குதே!"

"அது ஒல்லியா இருக்கிறவங்களுக்கு. உங்களுக்கு இல்ல கிராணி."

நான் அப்போது பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. நாற்பதைத் தாண்டிய வயது. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும் உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் சிகரெட். பாய் பேச்சைக் கேட்பேனா?

பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் ஒரு கல்யாணம். சமையல் பாய்தான், ஆனால் கல்யாண வீட்டில் அவர் சட்டம் செல்லாது. மூன்று தட்டு பிரியாணி முடித்து எழுந்தேன். நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். அங்கேயே படுத்துவிட்டேன். மனைவி கையைப் பிடித்து, "நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று அழுதேன்.

"முதல்ல கையை விடுங்க, மோதிரம் குத்துது" என்றாள்.

பாய்தான் என்னை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், வாயு! ஒரு ஏப்பத்தில் பாதி உயிர் திரும்பியது. "பிரஷர் மட்டும் நிஜம்" என்று டாக்டர் எனக்கும் தினசரி மாத்திரை எழுதினார்.

அதற்குப் பிறகு பாய் என்னை விடவில்லை. விடிந்ததும் மெலாவத்தி குன்றில் நடை. பாதியில் நான் உட்கார்ந்தால் குரங்குகள் வந்து சுற்றி உட்காரும். "பாருங்க கிராணி, துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க" என்பார். பயத்தில் சிகரெட்டும் போயிற்று. இறங்கிக் கடைக்கு வந்ததும் ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர், ஆளுக்கொரு மாத்திரை.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு பாய், இன்னிக்கு வேணாமே?"

"நல்லா இருக்கிறதே அதாலதான் லா. முழுங்குங்க." அழுத்திச் சொன்னால் அவர் பேச்சில் மலாய்க்காரர்கள் சொல்வதுபோல ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் பேசிவிட்டு, நேரே அடுப்புக்குப் போவார். ஆட்டுக் குழம்பை, மேலே மிதக்கும் கொழுப்போடு, அகப்பையில் அள்ளி உள்ளங்கையில் ஊற்றி நக்குவார். வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டு; அந்தத் துண்டு பொய் சொன்னதா என்று பார்க்க இன்னொன்று. ஆற்றுகிற ஒவ்வொரு தேயிலும் ஒரு வாய்.

"பாய், இதெல்லாம் சாப்பாடு இல்லையா?"

"ருசி பாக்குறது சாப்பாட்டுல சேராது கிராணி. நோன்புலயே சமைக்கிறவன் நாக்குல வச்சுப் பாக்கலாம், நோன்பு முறியாது."

"நோன்புல துப்பிடுவீங்களே?"

"மத்த நாள்ல எதுக்குத் துப்பணும்? வீணாப் போகுமே!"

கடையே சிரித்தது.

அந்த வருஷம் நோன்பு மாதம் முழுக்க ஒழுங்காகத் துப்பினார். மற்ற மாதங்களில் விழுங்கியதெல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. பெருநாளுக்கு முந்தின நாள் மதியம், குழம்பில் உப்புப் பார்க்கக் கையை நீட்டியவர் அப்படியே சாய்ந்தார். இந்தத் தடவை வாயு இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"மலை ஏறினீங்களா?"

"நீங்க இல்லாமயா பாய்?"

"குரங்குங்க தேடும் லா, போங்க... மாத்திரை?"

"போட்டாச்சு."

"அப்பச் சரி."

மறுநாள் பெருநாள் தொழுகைக்குப் புதுச் சட்டை போட்டு வந்தவர்கள், அதே சட்டையோடு அவரைத் தூக்கிப்போனார்கள்.

கடையை இப்போது அவர் மச்சான் நடத்துகிறார். திறந்த முதல் நாள், மலையிறங்கிப் போய் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டேன். கேட்காமலே தே வந்தது. கெட்டிப் பாலும், அடியில் கரையாத சீனியுமாக, நான் வருஷக்கணக்கில் கெஞ்சிய அதே தே. ஒரு வாய் குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன கிராணி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." கிளாஸை நகர்த்திவைத்தேன். "குராங் லா. எனக்கு எப்பவும் குராங்."