மிர்ச்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

மிர்ச்சிக்குத் தண்ணீர் கொடுத்தது கல்பகம்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"வீட்டுக்கு வந்த ஜீவன். காலையிலேர்ந்து கரியா தின்னுட்டு இருக்கு. ஒரு வாய் தண்ணி கொடுத்தது தப்பா?"

"அது நெருப்புப் பல்லிடீ!" என்று அலறினார் பத்மநாபன்.

"அப்ப தாகம் இன்னும் ஜாஸ்தியால்ல இருக்கும்?"

பத்மநாபன் டி.வி.யைக் காட்டினார். கம்ப்யூட்டர் விளையாட்டின் நெருப்புப் பிராணி மிர்ச்சி திரையில் சுருண்டு கிடந்தது. முதுகில் எரிந்துகொண்டிருந்த சுடர் ஒரு புள்ளியாகி விட்டது. காலையில் எண்பது என்று காட்டிய பலம் இப்போது ஒன்பது.

அவர்கள் வீட்டுப் பல்லி என்றால் போகட்டும் சனியன் என்று விட்டிருக்கலாம். இது தியோடர் சாரின் மகள் ஹில்டா ஆறு மாதமாக வளர்த்த பல்லி. தியோடர் சார், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பத்மநாபனுக்கு மேலதிகாரி. டவுன்ஷிப்பில் யாருக்குக் குவார்ட்டர்ஸ் என்று கையெழுத்துப் போடுகிற மகானும் அவரேதான். பத்மநாபனோ ஊரின் மறுகோடியில், சிலகலகூடாவில் ஒண்டுக் குடித்தனம். ஆறு வருஷமாக விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் தூங்கித் தூங்கிக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

வேலூரில் ஒரு கல்யாணத்துக்காக தியோடரும் மனைவியும் ஐந்து நாள் கிளம்பினார்கள். ஹில்டாவுக்குப் பரீட்சை; போலாரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். சிங்கப்பூர் மாமா அனுப்பிய அந்தச் சின்ன கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கொள்வது? ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஆசாமி பத்மநாபன் இருக்கிறாரே!

"தினம் ரெண்டு வேளை தீனி. ஒரு நாள் விட்டாலும் வாடிடும். ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை அதே கேசட்ல, பழசு மேலேயே பதிஞ்சுடணும். மிர்ச்சிக்கு ஏதாவது ஆச்சுன்னா ஹில்டா மனசு உடைஞ்சிடும். இனிமே உங்க பொறுப்பு, பத்மநாபன்" என்று இரண்டு தடவை சொன்னார் தியோடர். கூடவே ஒரு இங்கிலீஷ் குறிப்பும் கொடுத்தார். அதில் 'தண்ணீர் கூடவே கூடாது' என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் மூன்று கோடு. கல்பகத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"சரி, வேற கேசட்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே? ஆபீஸ்ல எதுக்கும் ஒரு காப்பி வேணும்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீங்களே!"

பத்மநாபன் கூரையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

கரி போட்டுப் பார்த்தார். ஒன்பது பலத்தில் பல்லியால் வாயைத் திறக்க முடியவில்லை. பலம் ஏழாயிற்று.

"குமுட்டி அடுப்பு அணையப் போனா என்ன பண்ணுவோம்? விசிறுவோம்" என்றாள் கல்பகம். "அந்த வௌவாலை உள்ள விடுங்க."

ஆட்டத்தில் ஹில்டா வளர்த்த நான்கு பிராணிகளில் வௌவாலும் ஒன்று; பெயர் பங்கா. காற்றுப் பிராணி. கல்பகம் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. பங்காவைக் கூண்டுக்குள் விட்டார். அது இறக்கையை அடித்தது. சுடர் எழுந்தது. பலம் முப்பது, அறுபது, நூறு!

"பாத்தீங்களா!" என்று கல்பகம் கையைத் தட்டினாள்.

நூற்றைம்பதில் பங்காவின் இறக்கை பற்றிக்கொண்டது. அது பயந்துபோய் இன்னும் வேகமாக அடிக்க, மிர்ச்சி இன்னும் வேகமாக எரிந்தது. கூண்டில் பாதி காணோம்.

"மண்ணைப் போடுங்க! தீக்கு மண்ணுதான்!"

மண் பிராணி ஓர் ஆமை. பாறை மாதிரி இருப்பதால் தெலுங்கில் பண்டா என்று பெயர் வைத்திருந்தாள் ஹில்டா. பண்டா நிதானமாக வந்து நெருப்பின் மேல் உட்கார்ந்தது. தீ அடங்கியது. பத்மநாபன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருடா என்று பண்டாவுக்கு உத்தரவு கொடுத்தார். அது அசையவில்லை. திரையின் அடியில் ஒரு வரி வந்தது: மண், நெருப்பில் வெந்து செங்கல் ஆகிவிட்டது.

"அடப் பாவமே! ஆமையைச் சூளை போட்டுட்டீங்களே!"

"நானா போட்டேன்? நீதானே மண்ணுன்னே!"

"செங்கல்லை ஊற வெச்சா?" என்றாள் கல்பகம் தயங்கியபடி. மிச்சம் இருந்தது ஜல்தி என்ற நீர்த் தவளை. சாகத் துணிந்தவர் மாதிரி அதையும் உள்ளே தள்ளினார் பத்மநாபன். புஸ்ஸென்று திரை முழுக்க வெள்ளை ஆவி. ஆவி கலைந்தபோது பல்லி இல்லை, வௌவால் இல்லை. செங்கல் மேல் ஜல்தி மட்டும் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு படியையும் பழசு மேலேயே ஒழுங்காகப் பதிந்தும் வைத்திருந்தார் அந்த மனிதர்.

"குவார்ட்டர்ஸ் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"தோட்டத்துல முருங்கை வெக்கணும்னு இருந்தேன்" என்றாள் கல்பகம். அவள் கண் நிஜமாகவே கலங்கியது. அதைப் பார்த்ததும்தான் பத்மநாபனுக்கு ரோஷம் வந்தது.

"நக்கோ! வேண்டாம், அழாதே. புதுசா வளர்க்கிறோம்."

ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார். நான்கு முட்டைகள் வந்தன. தேதி என்ன என்று மெஷின் கேட்டது. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியைக் கொடுத்தார். தீனி போட்டார். அடுத்த நாள் தேதியைக் கொடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு பகலும் இதே வேலை. அவர் தேதி தட்ட, கல்பகம் பக்கத்தில் உட்கார்ந்து "பல்லிக்குக் கரி, தவளைக்குத் தண்ணி, ஆமைக்கு மண்ணு, வௌவாலுக்கு ஜன்னல்" என்று சமையல் குறிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். நூற்றெண்பது நாள். விரல் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்துக்கு மிர்ச்சியின் முதுகில் சுடர் ஜம்மென்று நின்றது. பலம் எண்பது.

"அச்சு அசல்" என்றாள் கல்பகம். மறந்தும் தண்ணீர்ச் செம்பை டி.வி. பக்கம் வைக்கவில்லை.

திங்கள் சாயங்காலம் டவுன்ஷிப்பில் தியோடர் வீட்டில் பத்மநாபன் கம்ப்யூட்டரை மாட்டினார். பரீட்சை முடிந்து வந்திருந்த ஹில்டா, ஸ்கூல் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் திரைமுன் உட்கார்ந்தாள். தியோடர் பல்லியைப் பார்க்கவே இல்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹில்டா மிர்ச்சியை இந்தப் பக்கம் நடக்கவிட்டாள். அந்தப் பக்கம் நடக்கவிட்டாள். வாலை உற்றுப் பார்த்தாள். பத்மநாபன் மனதுக்குள் திருப்பதிக்கு மொட்டை நேர்ந்துகொண்டார்.

"என் மிர்ச்சியேதான் டாடி" என்றாள் ஹில்டா.

தியோடர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. அது குவார்ட்டர்ஸ் பட்டியல். அதை எடுத்து, பத்மநாபன் பெயருக்கு நேரே அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். "உங்களை மாதிரி பொறுப்பான மனுஷன் கிடைக்கிறது கஷ்டம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு இவ்வளவு குலுக்கல் என்று பத்மநாபனுக்குப் புரியவில்லை. கல்பகத்தின் முருங்கை கண்முன் பூத்துக் காய்த்தது. அதற்குமேல் எதையும் அவர் யோசிக்கவில்லை.

வழியனுப்ப கேட் வரை வந்தாள் ஹில்டா. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தேங்க்ஸ் அங்கிள், போன மாசம் டாடி தண்ணி கொடுத்துக் கொன்னுட்டு, எனக்குத் தெரியாம வளர்த்து வெச்ச மிர்ச்சிக்கு வாலே சரியா வரல, நீங்க புதுசா வளர்த்தது எவ்வளவோ பெட்டர், ஆனா பயப்படாதீங்க, நிஜ மிர்ச்சிக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து ஸ்கூல் பைல வெச்சிருக்கேன், தினமும் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தீனி போட்டுட்டுதான் இருக்கேன்."