வால்வு ஆடினால் வாழ்வு ஆடும்

இனி மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்றும் அதே மூச்சில் முடிவெடுத்தேன். கோழை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பவானியைப் பார்த்ததில்லை.

மாமியார் இருப்பது ரங்கூனுக்கு வெளியே, மாவ்பி என்ற ஊரில். போனால் உட்கார வைத்துத் தன் பித்தப்பை ஆபரேஷன் கதையைச் சொல்வார். அன்று கொடுத்த மயக்க மருந்தில் மருமகனுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம்.

என்னைக் காப்பாற்றியது எங்கள் கார். யாரோ தூதரகத்துக்காரர் விட்டுப்போய், பல கை மாறி என் அப்பாவிடம் வந்த பழைய அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர். ரங்கூனில் நாங்கள் குடியிருந்த தாமுவே பேட்டைச் சந்துக்குள் திருப்பினால் மூக்கு ஒரு தெருவிலும் வால் ஒரு தெருவிலும் இருக்கும்.

அதன் புகைக்குழாயில் ஒரு சூட்டு வால்வு உண்டு. குளிர்காலக் காலையில் எஞ்சினுக்குச் சூடு திருப்பிவிடும் தகடு. ரங்கூனில் குளிர் ஏது? வேலையில்லாதவன் சத்தம் போடுவான் அல்லவா, அதுவும் போட்டது. அதை அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் ஒடிந்துபோய், கடகடவென்று தகர டப்பாவுக்குள் குரங்கைப் பூட்டியது போல. தெரு நாய்களெல்லாம் கூடவே ஓடிவரும்.

புது ஸ்பிரிங் என் சட்டைப்பையில் இருந்தது. அதைப் பூட்டாமல் இருப்பதுதான் நான் செய்த ரிப்பேர். ஞாயிறுதோறும் பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். நிம்மதியான தூக்கம். பவானி வந்து என் கால்களோடு பேசுவாள்.

"என்னங்க, சரியாச்சா?"

"வால்வு இறுகிப்போச்சு பவானி. இதோட மாவ்பிக்குப் போனா வழியிலயே நின்னுடும்."

"போன வாரம் ஆடுதுன்னீங்க."

"ஆடி ஆடித்தான் இறுகிப்போச்சு."

"அப்ப சத்தம் ஏன் இன்னும் வருது?"

"அது பழைய சத்தம்."

"அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அதுதான் அபாய அறிவிப்பு. எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த ஞாயிறு கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். குரல் வெல்லமாக இருந்தது.

"பாவம், நீங்களும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவீங்க. விட்டுடுங்க."

"விட்டுடவா?"

"ஆமா. அம்மாவையே இங்க வரச் சொல்லிட்டேன். வண்டி சரியாகிற வரைக்கும் நம்மகூட இருக்கட்டும். உங்க கட்டில்ல அம்மா படுத்துக்கட்டும். நீங்கதான் வண்டிக்கு அடியில நல்லா தூங்குறீங்களே."

எழுந்து உட்காரப் பார்த்தேன். நெற்றி ஆக்சிலில் மோதியது.

"எப்ப வராங்க?"

"சாயங்காலம்."

அதன்பின் நடந்ததை நானே நம்பவில்லை. அவள் உள்ளே போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்து முடிப்பதற்குள் வால்வுக்கு எண்ணெய் விட்டு, தகட்டை ஆட்டிவிட்டு, ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டேன். எஞ்சினைக் கிளப்பினால் கடகடப்பு இல்லை. எதிர்வீட்டு பீர் முகைதீன் பதறிப்போய் வெளியே வந்தார். பர்மிய மரியாதைக்கு என்னை 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"கோ கார்த்தி, வண்டி மௌத்தாயிடுச்சா?"

"ரிப்பேர் பண்ணிட்டேன் பாய்."

"எதுக்கும் டாக்டரைக் கூப்பிடுங்க." நாய்கள் குரைக்க வழியில்லாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"பவானி, அத்தை எதுக்கு இந்த வயசுல பஸ்ல அலையணும்? நாமே போய்ப் பார்த்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம்."

"உங்களுக்குச் சிரமமா இருக்காதா?"

"எனக்கென்ன சிரமம்?" என்றேன். அவள் அதற்குள் புடவை மாற்றியிருந்தாள்.

மாவ்பியில் மாமியார் தோட்டத்துக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் அத்தை ரங்கூனுக்குக் கிளம்பணும், நாங்களே வந்துட்டோம்" என்றேன் பெருந்தன்மையாக.

"ரங்கூனுக்கா? நான் எதுக்கு வரேன்? மாட்டை யாரு பாத்துக்கறது?"

பவானியைப் பார்த்தேன். அவள் ஒரு வாழைமரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் நல்லதாப் போச்சு மாப்பிள்ளை. தண்ணி பம்பு ஒரேயடியா கத்துது. நீங்க இந்தச் சத்தத்தை அடக்குற வேலையில பெரிய கெட்டிக்காரராமே, பவானி சொன்னா" என்று மாமியார் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பின் பக்கத்தில் குனிந்தேன். பின்னாலிருந்து பவானியின் குரல் வந்தது.

"அம்மா, தையல் மிஷினும் கடகடங்குதுன்னியே, அதையும் இப்படியே எடுத்துட்டு வந்து வச்சுடேன்."