பின்மலை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் தேவை

ஒரு காட்டில் நோயாளிகளைத் தவிர மற்ற எல்லாம் உள்ள ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பத்துக் கட்டில்கள் இருந்தன. அவற்றின் மேல் உறை பிரிக்காத மெத்தைகள் இருந்தன. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகூட இருந்தது. வாசலில் '24 மணி நேரமும் சேவை' என்று மூன்று நிறத்தில் எழுதிய பலகை. பலகைக்குக் கீழே ஒரு பூட்டு. சொன்ன சொல் தவறாமல் இருபத்து நான்கு மணி நேரமும் சேவையில் இருந்தது அந்தப் பூட்டு மட்டும்தான்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ராஜா சிங்கத்தின் குகைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அரசவையில் யாராவது தும்மினால் நான்கு டாக்டர்கள் ஓடி வருவார்கள். பின்மலைச் சரிவில் இருக்கிற உயிர்களுக்கு அங்கே போக நான்கு நாள் நடக்க வேண்டும். ஆமை கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் வியாதி முடிந்துவிடும், சில சமயம் ஆமையும். இதைக் கேள்விப்பட்டு ராஜாவுக்கு ஒரு நாள் மனம் இளகியது. மனம் இளகினால் ராஜாக்கள் டாக்டரையா அனுப்புவார்கள்? திட்டம்தான் அனுப்புவார்கள். 'கடைக்கோடி நலத் திட்டம்' என்று பெயர். வைத்தியம் எட்டாத உயிர்களுக்கு வைத்தியத்தை எட்டவைக்கும் எந்தச் சமூக அமைப்புக்கும் மானியம் உண்டு என்று முரசு அறைந்தார்கள்.

முரசுச் சத்தம் அடங்குவதற்குள் மனு போட்டுவிட்டார் கீரி கனகசபாபதி. அதுவரை அவருக்கும் பொதுச்சேவைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஃபாரம் நிரப்புவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளில்லை. அறக்கட்டளை வந்தது, கட்டடம் வந்தது, பலகை வந்தது, பூட்டு வந்தது. இப்படியாக மூன்று வருடம் ஓடிவிட்டது.

இந்த மூன்றாவது வருடத்தில்தான் வீராயி என்ற தேவாங்குக்கு வலது கையில் முள் ஏறியது.

தேவாங்குக்குக் கைதான் எல்லாம். கிளையைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தால்தான் பூச்சி கிடைக்கும், பூச்சி கிடைத்தால்தான் உயிர் கிடைக்கும். முள் உள்ளேயே ஒடிந்து, பத்து நாளில் உள்ளங்கை பழுத்து, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு மூன்று நாளாகப் பட்டினி கிடந்தாள் வீராயி. கை போனால் தானும் போய்விடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பயத்தில் அவள் கண்கள் இன்னும் பெரிதாகிவிட்டன. ஏற்கெனவே அவை சிறிய கண்கள் அல்ல.

நடக்கத் தொடங்கினாள். ஒரு பள்ளத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வர அவளுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. பலகையைப் படித்தாள், சந்தோஷப்பட்டாள். பிறகு பூட்டைப் பார்த்தாள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது காவலாளி உடும்பு.

"அண்ணே, டாக்டர் இருக்காரா?"

"வியாழக்கிழமை வருவாரு தாயி."

"அப்ப நான் வியாழக்கிழமை வரைக்கும் இங்கனயே படுத்துக்கிறேன்."

"வியாழக்கிழமை உன்னை உள்ள விட முடியாதே. கட்டிலு பத்தும் ஃபுல்லு."

வீராயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பத்துக் கட்டில்களும் காலியாகக் கிடந்தன.

"யாரையும் காணோமேண்ணே."

"அன்னிக்குத்தான வருவாங்க. அரசவையிலேர்ந்து கமிட்டி வருது. மானியத்தைப் புதுப்பிக்கணும்ல? நாளைக்கு நோயாளிங்களைத் தேர்வு பண்றாங்க. ஆளுக்கு ஒரு பொட்டலம் தக்காளி சாதம்."

"நிஜ நோயாளியை விட மாட்டாங்களா?"

உடும்பு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "மொத வருஷம் ஒரு கரடி தெரியாத்தனமா நிஜ வயித்துவலியோட வந்து படுத்துட்டான். கமிட்டிக்கு முன்னாடியே மருந்து குடுன்னு கேட்டுட்டான். எவ்வளவு அசிங்கம் பாரு. அதுலேர்ந்து ஐயா ரொம்ப உஷார். நிஜ நோயாளியை ஒரு நாள் விட்டா மறுநாளும் வருவான்னு சொல்வாரு."

உடும்பின் பிடியை மாற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு ஈரம் இருந்தது. "தேர்வுக்கு வந்து பாரு தாயி. யாரு கண்டா?" என்றது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. கனகசபாபதி கையில் அட்டையும் பட்டியலும் வைத்திருந்தார். காய்ச்சல் மூன்று, இருமல் நான்கு, மூட்டுவலி ஒன்று, சத்துக்குறைவு ஒன்று, குணமாகிவிட்ட பயனாளி ஒன்று. அரண்மனை ஃபாரத்தில் எப்படிக் கேட்டிருந்ததோ அப்படியே. இருமலுக்குக் கடும் போட்டி. சத்துக்குறைவுக்குக் காட்டுப்பன்றி ஒன்று தேர்வாகியிருந்தது. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வதாக அது வாக்குக் கொடுத்திருந்தது.

வீராயியின் முறை வந்தது. அவள் கையை நீட்டினாள். கனகசபாபதி இரண்டடி பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரு உனக்கு மேக்கப் போட்டது?"

"மேக்கப் இல்லீங்கய்யா. முள்ளு குத்திருச்சு."

"ரொம்ப ஓவரா இருக்கு. கமிட்டியில பெரிய இடத்து ஆளுங்கல்லாம் வர்றாங்க. சீழெல்லாம் வச்சா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? நோய்னா பார்க்கிறதுக்கு ஒரு டீசன்ட் வேணும்மா."

"நிஜமாவே வலிக்குதுங்கய்யா!"

"அழுகையும் இயல்பா இல்ல," என்று பட்டியலில் குறித்துக்கொண்டார் கனகசபாபதி. "அடுத்த ஆளு வா."

வீராயி ஓரமாகப் போய் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். அதுவும் இயல்பாக இருந்ததா என்று பார்க்க யாரும் இல்லை. அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் காத்தமுத்து என்ற கருங்குரங்கு. ஏழு அறக்கட்டளைகளுக்கு ஆஸ்தான நோயாளி அவன். அவன் இருமினால் கேட்பவனுக்கு மார்பு வலிக்கும். தன் குலத்தையே லேகியமாகக் கிண்டிச் சாப்பிட்ட உலகத்தில் பிறந்தவன் என்பதால், மருந்து என்றாலே அவனுக்குக் கொஞ்சம் எட்ட நின்றுதான் பழக்கம்.

"தங்கச்சி, உனக்குத் தொழில் தெரியல," என்றான். "கமிட்டி நோயைப் பார்க்கவா அம்புட்டுத் தூரம் வருது? மானியத்தால நோய் ஓடிப்போச்சுன்னு பார்க்க வருது. வலிக்குதுன்னு சொல்றவனை எவனும் பக்கத்துல சேர்க்க மாட்டான். 'இப்ப பரவால்லீங்க'ன்னு சொல்லிப் பாரு, தோள்ல கை போட்டு போட்டோ எடுப்பான்."

"எனக்கு இன்னும் வலிக்குதே அண்ணே."

"அதை நீ டாக்டர் காதுல சொல்லிக்க. அவரு பக்கத்துல போற வரைக்கும் வாயைத் திறக்காத. குணமான பயனாளியா நடிக்க ஒரு முயல் இருந்தான், தவசின்னு பேரு. அவனுக்குக் காலையில நிஜமாவே காய்ச்சல் வந்திருச்சு. உடனே நீக்கிட்டாங்க. அந்த இடம் காலியா இருக்கு, வா."

காத்தமுத்து அவள் கையைக் கழுவி, நாற்றம் வராமல் துளசியைக் கசக்கி வைத்து, வெள்ளைத் துணியால் அழகாகக் கட்டினான். சிரிக்கச் சொல்லிக் கொடுத்தான். சாயந்திரம் திரும்பவும் கூட்டிப்போனான். கனகசபாபதி கட்டைப் பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார். "பார்த்தியா, இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று ஏழாம் கட்டிலை அவள் பெயருக்கு எழுதினார்.

வியாழக்கிழமை வந்தது. வேனில் வந்து இறங்கியது கமிட்டி. தலைவி சௌந்தரவல்லி என்ற பெண் யானை. உறுப்பினர்கள் இருவர். பகலில் தூங்கும் ஆந்தை ஒன்று, எதைப் பார்த்தாலும் செல்போனில் படம் எடுக்கும் மயில் ஒன்று. அவர்களுக்குப் பின்னால், அந்த வருடத்தில் அன்று காலையில்தான் முதல் முறையாக இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த டாக்டர் நாரை, மூன்று வருடமாக இங்கேயே குடியிருப்பவர்போல நடந்து வந்தார்.

இருமல்கள் இருமின. காய்ச்சல்கள் முனகின. காட்டுப்பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டிலில் வீராயி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் டாக்டரை விட்டு நகரவில்லை. இன்னும் மூன்று கட்டில், இன்னும் இரண்டு கட்டில், இதோ வந்துவிட்டார்.

டாக்டருக்கு முன்னால் தும்பிக்கை வந்துவிட்டது.

"இவங்கதான் குணமானவங்களா? எப்படிம்மா இருக்கு?"

"இப்ப பரவால்லீங்கம்மா."

"ரொம்ப சந்தோஷம். எங்கே, ஆறின கையைப் பார்க்கலாம். கட்டைப் பிரிங்க."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மானியம் தொடங்கிய நாள் முதல் எந்தக் கமிட்டியும் எந்தக் கட்டையும் பிரிக்கச் சொன்னதில்லை. கனகசபாபதியின் முகம் சுண்டிப்போனது. தலைவியே தும்பிக்கை நுனியால் முடிச்சை அவிழ்த்தாள். துணி விழுந்தது, துளசி விழுந்தது. அந்த வார்டில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். நாற்றத்தில் ஆந்தைக்கே விழிப்பு வந்துவிட்டது.

வீராயி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது, இப்போது வெளியே தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்தாள்.

ஆனால் ஃபாரம் நிரப்பிப் பழகிய மூளை லேசுப்பட்டதா? கனகசபாபதி ஒரே நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

"தலைவி அம்மா, இதுதான் எங்க புது முயற்சி. செயல்முறை விளக்கம்! இவங்க கை எப்பவோ ஆறிடுச்சு. ஆனா வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே தத்ரூபமா ஒப்பனை செஞ்சிருக்கோம். எப்படிக் குணப்படுத்தினோம்னு டாக்டர் இப்ப உங்க கண் முன்னாடியே செஞ்சு காட்டுவாரு."

"அடேயப்பா, வாசனை உட்பட!" என்றாள் தலைவி.

டாக்டர் நாரை குனிந்தார். அவர் பதினோரு ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர். அவர் நிஜப் புண்ணைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கமிட்டிக்குக் கேட்காமல் வீராயியின் காதில் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும்மா. மரத்துப்போற ஊசி போட்டா இவங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும். தாங்குவியா?"

"தாங்கிக்கிறேன் சாமி. முள்ளை எடுத்திருங்க."

நாரை தன் நீண்ட அலகை உள்ளே விட்டார். வீராயிக்கு உச்சந்தலை வரை தீ ஏறியது. கத்தினால் நிஜ நோயாளி. நிஜ நோயாளி என்றால் வெளியே. அவள் இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதாம்மா?" என்று குனிந்து கேட்டாள் சௌந்தரவல்லி.

"இல்லீங்கம்மா," என்றாள் வீராயி. சிரித்தாள். "இப்ப பரவால்லீங்க."

முள் வந்தது. அதன் பின்னால் சீழ் வந்தது. டாக்டர் கழுவினார், மருந்து வைத்தார், மூன்று வருடத்தில் முதல் முறையாக ஆஸ்பத்திரிப் பீரோவைத் திறந்து நிஜப் பஞ்சை எடுத்துக் கட்டினார். வீராயியின் பெரிய கண்களிலிருந்து கண்ணீர் கொட்டியது. மயில் அதைப் படம் எடுத்து, 'கடைக்கோடி உயிரின் ஆனந்தக் கண்ணீர்' என்று கீழே எழுதி அரசவைக்கு அனுப்பியது. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். ஆந்தையும் தட்டிவிட்டுத் தூங்கப் போனது.

மானியம் புதுப்பிக்கப்பட்டது. அதோடு இதே மாதிரி இன்னும் ஐந்து ஆஸ்பத்திரி திறக்க அனுமதியும் கிடைத்தது. கனகசபாபதிக்கு வாயெல்லாம் பல். வீராயிக்கு இரண்டு பொட்டலம் தக்காளி சாதம் கொடுக்கச் சொன்னார்.

"பிரமாதம்மா. அடுத்த வருஷமும் நீதான் வரணும். இதே புண்ணோட வரணும். அதுக்குள்ள ஆறவிட்டுடாதே, என்ன?"

வீராயி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கட்டுக்குள் விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தபோது அவை மடங்கின. அந்தக் கூத்துக்கு நடுவில் தன் கை தப்பிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்த மலையில் மதியக் கமிட்டி காத்திருப்பதால் டாக்டர் நாரை அவசரமாகப் பறந்துகொண்டிருந்தார். உடும்பு கதவை இழுத்துப் பூட்டியது. மரத்தடியில் ஒரு முயல் சுருண்டு கிடந்தான். காய்ச்சலால் நீக்கப்பட்ட தவசிதான்.

"அக்கா, டாக்டர் இருக்காரா?" என்று அவன் பல் கிடுகிடுக்கக் கேட்டான்.

"போயிட்டாரு தம்பி. இனிமே அடுத்த வருஷம்தான்."

"அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேனே."

வீராயி ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சட்டியில் கை வைத்ததுபோல் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அஞ்சு புது ஆஸ்பத்திரி வருதாம். ஏதாவது ஒண்ணுக்குத் திறப்பு விழா சீக்கிரமே இருக்கும், டாக்டரும் வருவாரு. கூட்டிட்டுப் போறேன். ஆனா அங்க போய் இப்படி நடுங்கக் கூடாது, தெரியுதா? எங்கே, எனக்கு நல்லாயிருச்சுன்னு சொல்லு."

"எனக்கு… நல்லாயிருச்சு."

"இப்படிச் சொன்னா உள்ள விட மாட்டாங்க தம்பி," என்றாள் வீராயி. "சிரிச்சுக்கிட்டே சொல்லு."

நீதி: வைத்தியம் வேண்டுமா? முதலில் குணமாகிவிடு.