கன்றுகள் நல்வாழ்வு மசோதா

ஒரு காட்டில் ஒரு சட்டமன்றம் இருந்தது. அது ஒன்றைத் தவிர அந்தக் காட்டில் வேறு குறை கிடையாது.

மன்றத்தில் உறுப்பினர்கள் முப்பத்து நான்கு பேர். புலி, சிறுத்தை, செந்நாய் என்று இறைச்சி தின்கிறவர்கள் பதினொன்று. மான்கள் பத்து. பசுக்கள் ஒன்பது. பன்றி ஒன்று, முயல் ஒன்று, மரங்கொத்தி ஒன்று. பேரவைத் தலைவரான ஆமை ஒன்று. கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

ஆட்சி புலியாருடையது. பதினொரு பேரை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஆண்டார் என்று கேட்கலாம். நன்றாகவே ஆண்டார். அதுவரை அவர் கொண்டுவந்த ஒரு மசோதாகூடத் தோற்றதில்லை. மான்கள் விடியற்காலையில் தனித்தனியாக ஓட வேண்டும் என்ற உடற்பயிற்சிச் சட்டம் நிறைவேறியது. முயல் வளைகளின் பின்வாசலை அடைக்கச் சொல்லும் தீத்தடுப்புச் சட்டமும் நிறைவேறியது.

இதற்குக் காரணம், மன்றத்தில் வாக்கெடுக்கும் முறை. அங்கே கை தூக்கும் வழக்கம் இல்லை. பலருக்குக் கை இல்லை. எனவே குரல் வாக்கெடுப்பு. ஆமையார் கேள்வியை வாசித்துவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் பட்சபாதம் வந்துவிடும், என்ன சொல்கிறார்கள் என்பது காதில் விழுந்தால் போதும் என்பது அவர் கொள்கை. உள்ளே இருந்தபடி எண்ணிக்கொண்டு வெளியே வந்து முடிவை அறிவிப்பார்.

மான்கள் எதிர்க்கட்சி. எந்த மசோதாவையும் கடுமையாக எதிர்த்துப் பேசும். பேசி முடித்ததும், வாக்கெடுப்புக்கு முன்பாக, வெளிநடப்புச் செய்யும். அது பார்க்க அழகாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே குரங்குகள் பக்கத்து மரங்களில் இடம் பிடிக்கும்.

மரங்கொத்தி எந்தக் கட்சியும் இல்லை. யாராவது 'மாண்புமிகு' என்று தொடங்கினால் மரத்தைத் தட்டுவார். அவ்வளவுதான்.

மிச்சம் பசுக்கள். பசுக்கள் மற்ற நேரங்களில் நம்மைப் போலத்தான் பேசும். பயந்தால் மட்டும் பிறந்த மொழி வந்துவிடும். ஆமையார் தலையை உள்ளே இழுத்ததும் புலியார் பசுக்களின் பக்கம் திரும்பி ஒரு கொட்டாவி விடுவார். கொட்டாவி விடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒன்பது பசுக்களும் 'ம்மா' என்று அலறும். ஓட்டுக்குள் அது 'ஆமா' என்று கேட்கும்.

இந்த நிலையில்தான் கன்றுகள் நல்வாழ்வு மசோதா வந்தது. பிரிவுகள் நான்கு. முதல் பிரிவு, மசோதாவின் பெயர். இரண்டாம் பிரிவு, கன்று என்பது மூன்று பௌர்ணமி கண்டதும் நான்காவது காணாததும் ஆகும். மூன்றாம் பிரிவு, அத்தகைய கன்றுகளுக்கு முதலமைச்சரே காப்பாளர். நான்காம் பிரிவு, காப்பாளர் கன்றைத் தமது பாதுகாப்புக்குள் உட்கொள்ளலாம்.

அந்தக் காட்டில் மூன்று பௌர்ணமி கண்டு நான்காவது காணாத கன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்திருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். அதன் தாய் செவலை, பசு உறுப்பினர்கள் ஒன்பது பேரில் ஒருத்தி.

மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்று வாக்கெடுத்த அன்று எல்லோரையும்விடப் பலமாக அலறியவள் செவலைதான். ஆமையார் தலையை வெளியே நீட்டி, அறிமுகம் ஏற்கப்பட்டது என்று அறிவித்தார். செவலையம்மையாரின் ஆர்வத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டவும் செய்தார். மசோதா பரிசீலனையில் இருக்கும், மூன்றாம் நாள் இறுதி வாக்கெடுப்பு என்றார்.

செவலை முதலில் நரியிடம் போனாள். நரி உறுப்பினர் அல்ல. மசோதாக்களை எழுதிக் கொடுக்கும் சட்டத்துறை அதிகாரி. தன் வேலையில் பெருமை உள்ளவர்.

"உட்கொள்ளலாம்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள்.

"உட்படுத்திக்கொள்ளலாம்னுதான் இருந்துச்சு அக்கா. நீளமா இருக்கேன்னு நடுவுல கொஞ்சம் எடுத்துட்டேன்."

"நீங்க எடுத்தது நடுவுல கொஞ்சம். எனக்குப் போறது முழுப் பிள்ளை."

நரி கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது தன் எழுத்தை அந்த அளவுக்கு ஊன்றிப் படித்தது அதுதான் முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் தொழில் ரகசியத்தையே சொல்லிவிட்டார். "பேரு நல்லா வெச்சாப் போதும் அக்கா. பேரைக் கேட்டதும் ஆமாம்னு கத்திருவாங்க. வினைச்சொல்லு வர்ற வரைக்கும் எவன் காத்துக்கிட்டு இருக்கான்? தமிழ்ல அதைக் கொண்டுபோய்க் கடைசியில வெச்சாரு பாருங்க, அவரு சட்டம் எழுதத் தெரிஞ்சவரு."

அடுத்து மான்களின் தலைவரிடம் போனாள். தலைவர் விஷயத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். மான்களுக்கு அது எளிது. இந்த மசோதாவைத் தம் கட்சி வன்மையாகக் கண்டிக்கிறது என்றும், வழக்கமாக வாசல் வரை போகிறவர்கள் இந்தத் தடவை மூங்கில் புதரையும் தாண்டிப் போகப்போகிறார்கள் என்றும் உறுதி கொடுத்தார்.

"அவ்வளவு தூரம் எதுக்குத் தம்பி நடக்கணும்? உள்ளயே இருந்து பத்துப் பேரும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமே."

"உங்களுக்கு அரசியல் புரியலை அக்கா. உள்ள இருந்து தோத்தா அது தோல்வி. வெளிய போய்த் தோத்தா அது கொள்கை."

மறுநாள் செவலை மற்ற எட்டுப் பசுக்களையும் கூட்டி வைத்து, 'இல்லை' என்று சொல்லப் பழக்கினாள். நன்றாகவே வந்தது. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றில் ராகம்கூடச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சருகு அசைந்தது. ஒன்பது பேரும் 'ம்மா' என்றார்கள். செவலையும் சேர்த்துத்தான். சருகுக்குள்ளிருந்து ஓணான் ஒன்று வெளியே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனது.

கூட்டத்தில் வயதான காரி சொன்னாள்: "வாய்க்கு எல்லாம் வருது செவலை. வயித்துலேர்ந்து வர்றதை என்ன பண்றது?"

அன்று மாலை செவலை ஆமையாரைப் பார்க்கக் குளக்கரைக்குப் போனாள். நாங்கள் சொல்வது ஆமா அல்ல, அம்மா என்று முறையிட்டாள். பெற்றவளைக் கூப்பிடுவதை ஆதரவு என்று எண்ணலாமா என்று கேட்டாள். ஆமையார் பொறுமையாகக் கேட்டார். அவர் நேர்மையானவர். அதுதான் சிக்கல்.

"நான் என்னம்மா செய்வேன்? ஓட்டுக்குள்ள எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார்.

பிறகு, தம் பங்குக்கு எந்தத் தவறும் இல்லை என்பதை விளக்கினார். கேள்வியைக்கூடத் தாம் அமைப்பதில்லை. தீர்மானம் கொண்டுவருகிறவர் எழுதிக் கொடுப்பதை, ஒரு காற்புள்ளிகூட விடாமல் அப்படியே வாசிப்பது மட்டும்தான் தம் வேலை.

"தீர்மானத்தை யார் வேணும்னாலும் கொண்டு வரலாமா?"

"உறுப்பினரா இருந்தாப் போதும். நீங்க உறுப்பினர்தானே?"

செவலை அசைபோடுவதை நிறுத்தினாள்.

வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். மசோதாவைக் கைவிடலாமா என்று கேட்க வைத்தால், அலறினாலும் அது தங்கள் பக்கம்தான் விழும். பசு ஒன்பது. முயலைக் கேட்டாள், பின்வாசல் போன துக்கத்தில் இருந்த முயல் ஒப்புக்கொண்டது. பன்றி, விழித்திருந்தால் சொல்வதாகச் சொன்னது. ஆகப் பதினொன்று. புலி தரப்பும் பதினொன்று. ஆனால் சரிசமமாக வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். ஒரு குரல் இடித்தது. எத்தனை தடவை கூட்டினாலும் அந்த ஒன்று அங்கேயே நின்றது.

எனவே நரி சொன்னதை வைத்துத் தீர்மானத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதினாள்.

மூன்றாம் நாள் மன்றம் கூடியது. மான்கள் பேசின, கண்டித்தன, வெளிநடப்புச் செய்தன. குரங்குகள் ஆரவாரம் செய்தன. பத்து வால்களும் மூங்கில் புதரைத் தாண்டி மறைந்தன. சுட்டி, பார்வையாளர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. புலியாரும் சுட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காப்பாளர் என்ற முறையில்.

முதலில் செவலையம்மையாரின் தீர்மானம் என்று ஆமையார் அறிவித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்:

"மாண்புமிகு முதலமைச்சர் புலியார் அவர்களின் தாயுள்ளத்தையும், மாண்புமிகு முதலமைச்சர் புலியார் அவர்களின் தொலைநோக்கையும், மாண்புமிகு முதலமைச்சர் புலியார் அவர்கள் இக்காட்டின் இளங்கன்றுகள்மீது கொண்டுள்ள தீராத ஆசையையும் இம்மன்றம் நெஞ்சாரப் போற்றி, வரலாறு காணாத கன்றுகள் நல்வாழ்வு மசோதாவைக்…"

மூன்று 'மாண்புமிகு'வுக்கும் மரங்கொத்தி தட்டினார். மூன்றாவது தட்டலை அவரால் நிறுத்த முடியவில்லை. வரலாறு காணாத என்ற சொல் வேறு வந்துவிட்டது. மரத்திலிருந்து சிராய் பறந்தது. மசோதாவின் பெயரைக் கேட்டதும் சிறுத்தைகளும் செந்நாய்களும் தொண்டையைக் கனைத்துத் தயாரானார்கள். அதற்குப் பிறகு ஆமையார் வாசித்த ஒரு சொல் அந்தத் தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் அதையும் வாசித்தார். வாசித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உறுப்பினர் அல்லாத நரிக்கு மட்டும் அது கேட்டது. வினைச்சொல் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் அந்தக் காட்டில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அதிகாரிகள் வரிசையில் எழுந்து நின்று முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டினார். அதிகாரிகள் மன்றத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவரே எழுதிய விதி.

ஆளும் தரப்பில் பத்துப் பேர் 'ஆம்' என்று கர்ஜித்தார்கள். வேறு எதையும் சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. புலியார் பசுக்களின் பக்கம் திரும்பி வாயை அகலமாகத் திறந்தார். ஒன்பது பசுக்களும் 'ம்மா' என்று அலறின. முயல் 'ஆம்' என்றது. சத்தத்தில் விழித்துக்கொண்ட பன்றி, உணவு இடைவேளைக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'ஆமாம் ஆமாம்' என்றது. புலியாரின் கொட்டாவி நிதானமாக, 'ஆ…' என்று நீண்டு, 'ம்' என்று முடிந்தது.

ஆமையார் வெளியே வந்தார்.

"ஆம் என்போர் இருபத்திரண்டு. இல்லை என்போர் எவருமில்லை. தட்டியவர் ஒருவர். கன்றுகள் நல்வாழ்வு மசோதா ஒருமனதாகக் கைவிடப்பட்டது."

புலியாரின் மூடிய வாய் தானாகத் திறந்தது. மன்றத்தில் சிராய் விழும் சத்தம் கேட்டது. என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் ஆம் என்றுவிட்டோம் என ஒப்புக்கொண்டால், அதற்கு முன்பு சொன்ன ஆம்களை எல்லாம் திரும்ப எண்ணச் சொல்வார்கள். அவர் புலியானாலும் முதலமைச்சர். எழுந்து நின்று, காலையிலேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டதாகவும், செவலையம்மையார் முந்திக்கொண்டதாகவும், ஒரு தாயின் குரலுக்குத் தாம் என்றுமே தலைவணங்குபவர் என்றும் பேசினார். மரங்கொத்தி தட்டினார்.

செவலை உடனே எழுந்து முதலமைச்சருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவருக்குக் கன்றுகாத்த காவலர் என்று பட்டம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. கொடி மாலை போட்டு, எல்லோர் முன்னிலையிலும் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

காரிக்கு மனது ஆறவில்லை. "அவனுக்குப் போயி மாலையா? உனக்கு வெக்கமா இல்லையா?"

"நன்றின்னு சொன்னா எனக்கென்ன புல்லா குறையப்போகுது? இத்தனை பேரு முன்னாடி காவலர்னு பட்டம் வாங்கிட்டு நாளைக்கே கன்னுக்குட்டியைத் தூக்க முடியுமா? ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். அதுக்குள்ள நாலாவது பௌர்ணமி வந்துரும்" என்றாள் செவலை. சொல்லிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய், மகனின் நெற்றி வெள்ளையை ஒரு தடவைக்கு இரு தடவை நக்கிவிட்டாள்.

மூங்கில் புதருக்கு அப்பால் மான்களின் தலைவர் குரங்குகளிடம், மசோதா விழுந்தது தங்கள் நெடுந்தூர வெளிநடப்பால்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து புலியார் மாலையும் பட்டமுமாக, மிகுந்த பசியோடு, அந்த வழியாகத்தான் வீடு திரும்பினார். அவருக்கு வந்த பட்டத்தில் கன்று என்று இருந்ததே தவிர மான் என்று இல்லை.

அன்று மாலை கணக்குப் பார்த்தபோது வெளிநடப்புச் செய்தவை பத்து. உள்நடப்புச் செய்தவை ஒன்பது.

மறுநாள் அதைக் கண்டித்து ஒன்பது மான்களும் வெளிநடப்புச் செய்தன.

நீதி: பயந்தவர்கள் தாராளமாக அலறலாம். ஆனால் கேள்வியைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் அலற வேண்டும்.